மலை, ஓடை, ஆற்றங்கரை: சேலம் மாவட்டக் கிராமங்கள் வெள்ளத்துக்கும் சூறைக்காற்றுக்கும் தயாராவது எப்படி?

புயல் என்றாலே கடலூர், நாகப்பட்டினம் என்று நினைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். "நமக்கென்ன, கடலே இல்லையே" என்று ஒரு தைரியம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் அந்தத் தைரியத்தைக் கலைத்துவிட்டது. கரையேறிய பிறகும் ஓயாமல், வலு குறைந்து, மெல்ல மெல்ல உள்மாவட்டங்கள் பக்கம் நகர்ந்தது. பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே இடத்தில் 7 பேர் இறந்தார்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து போக்குவரத்து நின்றது.

கடலோர ஊர்களுக்குப் புயல் பழகிப்போன ஒன்று. அறிவிப்பு வந்ததும் என்ன செய்வதென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் எந்த அறிகுறியைப் பார்த்ததும் யார், எந்த வழியாக, எங்கே போவது என்பதை வானம் தெளிவாக இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். சேர்வராயன் மலையில் கொட்டுகிற மழை அடிவாரத்துத் தரைப்பாலத்துக்கு வந்துசேர அதிக நேரம் ஆகாது. அந்த நேரத்தில் கூடிப் பேசி முடிவெடுக்க முடியாது.

முதலில், ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று பாருங்கள்

ஒரே மாவட்டம்தான், ஆனால் ஆபத்து ஊருக்கு ஊர் வேறு, மொத்தம் நான்கு வகை.

மலை மேல் இருக்கும் நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம், மஞ்சக்குட்டை போன்ற ஊர்களுக்கு மண்சரிவு, மரம் விழுதல், பாதை துண்டிப்பு. அடிவாரத்திலும் ஓடைக்கரையிலும் இருப்பவர்களுக்குத் திடீர் வெள்ளம். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் நடுவே ஓடி, உத்தமசோழபுரம் தாண்டி, நாமக்கல் மாவட்டத்துக்குப் போய்க் காவிரியில் சேர்கிறது. அதே மலையின் தண்ணீர்தான் சரபங்கா நதியாக ஓமலூர், எடப்பாடி பக்கம் போகிறது. கிழக்கே ஆத்தூர், தலைவாசல் பக்கம் வசிஷ்ட நதி. வருஷத்தில் பல மாதம் இவை வறண்டே கிடப்பதால், ஆறு இருப்பதையே மறந்து கரையில் கொட்டகை போட்டுவிடுகிறோம்.

மேட்டூர், பூலாம்பட்டி பக்கம் கதை வேறு. அங்கே வெள்ளம் நம் மழையால் வருவதில்லை. கர்நாடகத்திலும் கேரளத்திலும் தென்மேற்குப் பருவமழை வலுத்து, மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு, 16 கண் மதகு வழியாக உபரி நீர் திறக்கப்பட்டால் தங்கமாபுரிபட்டினம் போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் புகும். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத ஜூலை, ஆகஸ்ட் மாதத்திலும் இது நடக்கும். ஆனால் அணைக்கு வரும் நீர் எத்தனை கன அடி என்று தினமும் செய்தியில் வருகிறது, தண்டோராவும் ஒலிபெருக்கி அறிவிப்பும் உண்டு. நான்கு வகையிலும் அதிக அவகாசம் கிடைப்பது இவர்களுக்குத்தான்.

நான்காவது, சித்திரை வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று. பத்து நிமிஷம் அடித்தால் போதும், வாழைத்தோப்பு படுத்துவிடும், தகரக்கூரை பறந்துவிடும். கூடவே இடியும் மின்னலும்.

உங்கள் ஊர் இதில் எது? இரண்டு மூன்றும் சேர்ந்து இருக்கலாம். அதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

புரட்டாசிக்குள் ஓடையோடு ஒரு நடை

ஊரில் நாலு பேர், அதில் ஒருவராவது அறுபது வயது தாண்டியவர், சேர்ந்து ஓடையின் போக்கிலேயே மேலிருந்து கீழே நடந்து பாருங்கள். பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று பெரியவர்களுக்குத்தான் தெரியும். கோயில் படிக்கட்டு, கிணற்றுத் திட்டு, புளியமரம் என்று அடையாளம் சொல்வார்கள். அந்த உயரத்தில் ஒரு சுவரிலோ கம்பத்திலோ பெயிண்டால் கோடு போடுங்கள். செலவு ஒரு சின்ன டப்பா பெயிண்ட்.

நடக்கும்போது பார்க்க வேண்டியவை: எங்கே குழாய்ப் பாலத்தில் பிளாஸ்டிக்கும் சீமைக்கருவேல முள்ளும் அடைத்திருக்கிறது, எங்கே ஏரி வாய்க்கால் மூடப்பட்டிருக்கிறது, எந்தத் தரைப்பாலத்தில் முதலில் தண்ணீர் ஏறும். ஓர் ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் அது ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் தண்ணீர். மலைச்சரிவில் நூறு ஏக்கரின் தண்ணீர் ஒரே ஓடைக்கு வந்தால் 4 கோடி லிட்டர். அடைத்துக்கிடக்கும் குழாய்க்குள் அது போகாது, பக்கத்து வீட்டுக்குள்தான் போகும்.

அடைப்பு எடுக்க ஊராட்சியில் மனு கொடுங்கள், கிராம சபையில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். அக்டோபர் 2 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஏரிக்கரையில் எலி வளை, கசிவு, சாய்ந்த மரம் இருந்தால் படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் பட்டியல்

இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. ஒரு நோட்டில் வீடு வீடாக எழுதுங்கள்: படுத்த படுக்கையாக இருப்பவர், மாற்றுத்திறனாளி, தனியாக இருக்கும் முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, டயாலிசிஸ் செய்பவர், இன்சுலின் போடுபவர். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அவரைக் கூட்டிப்போகும் இருவரின் பெயரும் போன் எண்ணும். இருவர் ஏன் என்றால், ஒருவர் அன்று திருப்பூரில் வேலையில் இருக்கலாம்.

மலை ஊர்களில் இந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயன் உண்டு. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பாதை ஒன்று, குப்பனூர் வழி இன்னொன்று. இரண்டிலும் ஒரே நாளில் மண் விழலாம். கார்த்திகையில் பிரசவ தேதி இருந்தால் பத்து நாள் முன்பே அடிவாரத்துக்கோ, மருத்துவமனை பக்கத்து உறவினர் வீட்டுக்கோ வந்துவிடுவதுதான் நல்லது. பாதை மூடிய பிறகு டோலி கட்டித் தூக்கிவருவது அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து, தூக்குபவர்களுக்கும் ஆபத்து. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வேண்டும்.

போகும் இடத்தையும் போய்ப் பார்த்துவிடுங்கள். பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ, சாவி யாரிடம், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பெண்கள் உடை மாற்றத் தனியிடம் உண்டா. இது சரியில்லாமல்தான் பல பெண்கள் முகாமுக்கு வர மறுத்து, இடிகிற வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

எப்போது கிளம்புவது?

வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை என்கிறது. 115.6 மி.மீ. முதல் மிக கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார், சிவப்பு என்றால் செயலில் இறங்கு. டிஎன் அலர்ட் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம்.

ஆனால் மாவட்டத்துக்கு ஒரே எச்சரிக்கைதான் வரும். ஏற்காட்டில் கொட்டும்போது ஓமலூரில் வெயில் அடிக்கலாம். அதனால் ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு மழைமானி வைத்தே ஆக வேண்டும் என்பேன். கடையில் வாங்க வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு டப்பா போதும். மரமோ கூரையோ மறைக்காத வெட்டவெளியில், காற்றில் சாயாமல் இரண்டு செங்கலுக்கு நடுவே வையுங்கள். பள்ளிக்கூட ஸ்கேலை உள்ளே விட்டு அளந்தால் எத்தனை செ.மீ. தண்ணீரோ அத்தனை செ.மீ. மழை. 10 செ.மீ. என்றால் 100 மி.மீ. ஸ்கேலின் நுனியில் சுழிக்கு முன்னால் இருக்கும் சின்ன இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டரை மணிக்கு அளந்து, எழுதி, கொட்டிவிட்டுத் திரும்ப வைக்கும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்தால் ஒருநாளும் தவறாது.

மலையில் என் கணக்கு இதுதான்: இரண்டு மூன்று நாளாக மண் ஊறியிருந்து, காலையிலிருந்து டப்பாவில் 7 செ.மீ. ஏறி, மழை விடவும் இல்லையென்றால், மண்ணை வெட்டிய மேட்டுக்குக் கீழே இருக்கும் வீடுகளும், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் இருட்டும் முன் காலியாக வேண்டும். இரவில் சரிவு வந்தால் ஓட வழி தெரியாது. நாலு தடவை கிளம்பிப் போய் ஒன்றும் நடக்காமல் திரும்பினாலும் பரவாயில்லை.

டப்பா அளவு எதுவானாலும், கீழே சொல்பவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே கிளம்புங்கள்:

- மேட்டிலோ முற்றத்திலோ புதிதாக வெடிப்பு, பழைய வெடிப்பு அகலமாவது
- நேராக இருந்த சில்வர் ஓக் மரம், மின்கம்பம், வேலி சாய்வது
- திறந்து மூடிய கதவு திடீரென்று இறுகிப்போவது
- இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாக மாறுவது
- மழை கொட்டும்போதே ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைவது

கடைசியைப் பார்த்துப் பலர் "வடிந்துவிட்டது" என்று நிம்மதியாகி விடுவார்கள். உண்மையில் மேலே எங்கோ மண்ணும் மரமும் விழுந்து ஓடையை அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் தேங்கிய தண்ணீர் மொத்தமும் பாறையோடு வரும். ஓடையின் போக்கில் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியவை

சுவரில் ஆரம்பியுங்கள். நம் பக்கத்தில் மழைக்காலச் சாவுச் செய்திகளில் அடிக்கடி வருவது வீட்டுச் சுவர் இடிந்து தூக்கத்தில் இறந்த செய்திதான். மண் சுவரும், சுண்ணாம்பு பூசிய பழைய சுவரும் அடிப்பாகத்தில்தான் முதலில் ஊறும். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் பூச்சு உப்பியிருக்கிறதா, தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறதா, சுவர் தொப்பை தள்ளியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தச் சுவரோரம் பாய் விரிக்காதீர்கள், தொட்டில் கட்டாதீர்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி தகரத்தை ஓரடி நீட்டி, சுவரைச் சுற்றி மண் ஏற்றி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். இன்னொன்று, மழை நின்று வெயில் அடித்த மறுநாளும் ஊறிய சுவர் விழும். இரண்டு நாள் காயும்வரை நம்ப வேண்டாம்.

மலை வீடுகளில் பின்பக்க மேட்டுக்கு மேலே ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் தண்ணீரை வீட்டைச் சுற்றி ஓடைக்குத் திருப்பிவிடுங்கள். மேட்டின் உச்சியில் தண்ணீர் தேங்கவே கூடாது. வீட்டை அகலப்படுத்த மேட்டின் அடியை வெட்டுவதை ஐப்பசி, கார்த்திகையில் யாரும் செய்யாதீர்கள்.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குச் செங்கல்லும் அம்மிக்கல்லும் பாரம் வைப்பது ஆபத்து. காற்றில் ஷீட் தூக்கினால் அந்தக் கல்லே தலையில் விழும். துருப்பிடித்த கொக்கி போல்ட்டுகளை மாற்றி, ஷீட்டின் ஓரங்களில் கூடுதலாக இரண்டு போட்டு, சட்டத்தைச் சுவரோடு கம்பியால் இறுக்குங்கள். அவசரத்துக்கு மணல் மூட்டை போதும்.

மின்சாரத்துக்கு: மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும், உயிர் காக்கும் சாதனம் எனப்படும் ஆர்சிடி பொருத்துங்கள். மின்கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் துணிக்கொடி கட்டாதீர்கள், மாட்டைக் கட்டாதீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும் முன்பே, கால் ஈரமில்லாமல் நின்று மெயினை அணைக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு சுவிட்ச் பலகைப் பக்கம் போகக் கூடாது. அறுந்த கம்பியைக் கண்டால் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், எடப்பாடி பக்கத்து நெசவாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழித்தறியில் தண்ணீர் முதலில் நிற்கும் இடம் மிதிக்குழிதான். குழி வாயைச் சுற்றி அரையடிக்கு ஒரு சிமென்ட் விளிம்பு கட்டினால் சின்ன மழைக்குத் தாங்கும். பெரிய மழை அறிவிப்பு வந்தால் நூலையும் பாவு நூலையும் பாலித்தீனில் சுற்றிப் பரணில் ஏற்றுங்கள். விசைத்தறி மோட்டாரைக் கழற்றி மேலே வைக்க எவ்வளவு நேரமாகிறது என்று ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

பை விஷயம் சுருக்கமாக: ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக், காப்பீட்டு அட்டை எல்லாம் ஜிப் கவரில், போனில் படமாகவும். மாத்திரை, டார்ச், பவர் பேங்க், தீப்பெட்டி, கொஞ்சம் சில்லறைப் பணம், அவல் பொரிகடலை, குடிதண்ணீர், நாப்கின், குழந்தைக்கு மாற்றுத்துணி. கதவுப் பக்கம் ஆணியில் மாட்டிவிடுங்கள்.

ஆடு மாடும் வெள்ளாமையும்

"ஆட்டை விட்டுட்டு நான் எங்கப்பா வர்றது" என்று ஆயா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டால் யாராலும் நகர்த்த முடியாது. அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது, அந்த நாலு ஆடுதான் அவருடைய சேமிப்பு. ஆகவே மனிதர்களுக்கு இடம் பார்க்கும்போதே கால்நடைக்கும் ஒரு மேட்டு நிலத்தைப் பேசி வையுங்கள். மழைக்கு முன்பே கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசிகளைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். எங்கும் கொண்டுபோக முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். அவிழ்த்த மாடு நீந்தித் தப்பிக்கும், கட்டிய மாடு அப்படியே மூழ்கும்.

காற்றில் சாய்ந்த குச்சிக்கிழங்கின் (மரவள்ளியின்) தழையை ஆடு மாடு மேயவிடாதீர்கள். அதில் சயனைடு நஞ்சு உண்டு. மூன்று நாள் தீவனம் இல்லாமல் பசித்த ஆடு ஒரே மூச்சில் தின்றுவிட்டு அங்கேயே துடித்து விழும். வைக்கோலைத் தரையிலிருந்து உயர்த்தி, தார்ப்பாய் போட்டு ஒரு வாரத்துக்கு வையுங்கள்.

கிழங்குக் காட்டில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும், அதனால் வடிகால் வெட்டுவது மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அறுவடைப் பருவத்தில் இருந்தால் சேகோ பேக்டரியில் எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுங்கள். மலையில் காபிப் பழம் பறிக்கும் பருவமும் கார்த்திகை மார்கழியில்தான் வருகிறது. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாளில் ஆட்களைச் சரிவுக்கு அனுப்பாதீர்கள் என்று எஸ்டேட் மேலாளரிடம் ஊர்ப் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

அன்றைக்கு

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் யாரும் தாண்டக் கூடாது, பைக்கும் கூடாது, டிராக்டரும் கூடாது. அரையடி வேகத் தண்ணீரே ஆளைச் சாய்க்கும். இரண்டடி இருந்தால் காரை மிதக்கவைத்து இழுத்துப்போகும். கலங்கல் தண்ணீருக்கடியில் பாலமே இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஆளுக்கு இரண்டு மணி நேரம் என இளைஞர்கள் நின்றால் உயிர்ச்சேதம் பெருமளவு குறையும்.

காவிரியில் உபரி நீர் வரும்போது பூலாம்பட்டி படகுத்துறைப் பக்கம் துவைக்க, குளிக்க, செல்பி எடுக்கப் போகாதீர்கள். கிளியூர் அருவிக்கும் மழை நாளில் உறவினரைக் கூட்டிப்போக வேண்டாம்.

மின்னல் வெட்டி 30 விநாடிக்குள் இடி கேட்டால் காட்டில் நிற்காதீர்கள். வீட்டுக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் கழித்து வெளியே வாருங்கள். தனிப் பனைமரம், புளியமரம், மோட்டார் கொட்டகை, கம்பி வேலி எதன் பக்கமும் ஒதுங்கக் கூடாது. டாமினி செயலி மின்னலை முன்கூட்டி எச்சரிக்கும்.

எண்களைச் சுவரில் எழுதுங்கள். போனில் சார்ஜ் போனால் உள்ளே சேமித்தது உதவாது: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எல்லா அவசரத்துக்கும் 112.

தண்ணீர் வடிந்த பிறகு

வீட்டுக்குள் நுழையும் முன் வெளியே சுற்றி வந்து சுவரைப் பாருங்கள். மின்பணியாளர் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். விறகு, பாய், செருப்பு எதையும் கோலால் தட்டாமல் தொடாதீர்கள், விரியனும் நல்ல பாம்பும் உலர்ந்த இடம் தேடி ஏறியிருக்கும். கடித்தால் கட்டுப்போடுவதும் கீறிவிடுவதும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பின்னும் குறைந்தது ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். வெள்ளம் புகுந்த கிணறு, மேல்நிலைத் தொட்டிக்கு ஊராட்சியிடம் குளோரின் போடச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சேற்றில் வேலை செய்தவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சேற்றில் நின்றதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நிவாரணத்துக்கு, சுத்தம் செய்யும் முன்பே படம் எடுங்கள். இடிந்த வீடு, அழிந்த பயிர், இறந்த கால்நடை, எல்லாவற்றிலும் அடையாளம் தெரியும்படி ஒரு மரமோ கம்பமோ சேர்த்து. மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். பயிருக்கு அரசு நிவாரணம் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால் கிடைக்கும், கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலரும் வந்து பார்க்க வேண்டும். பயிர்க் காப்பீடு செய்திருந்தால், தண்ணீர் தேங்கியதையோ மண் சரிந்ததையோ 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எண் 14447. குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று விதைக்கும்போதே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பணம் பட்டாதாரர் கணக்குக்குத்தான் போகும்.